‘ஒண்ணுமில்ல’ என்கிறவரிடம் எப்படிக் கேட்பது

கரை வந்து, மீனை ஏலத்தில் போட்டு, குளித்துவிட்டு வீட்டுக்குள் வந்தவர் சோற்றுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். என்ன ஆச்சு என்றால் “ஒண்ணுமில்ல.” இன்னொரு முறை கேட்டால் எரிந்து விழுகிறார். ராமநாதபுரம் கடற்கரையில் தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை எந்த மீனவ ஊரிலும் பேச்சு இதற்கு மேல் நகர்வதில்லை. அதை எப்படி நகர்த்துவது, நகர்ந்த பிறகு என்ன செய்வது என்பதற்கு இந்தக் குறிப்புகள். மனைவி, உடன்பிறந்தவர், மச்சான், கூடப் போகும் படகுக்காரர், சங்கப் பொறுப்பாளர், யார் வேண்டுமானாலும் செய்யக்கூடியவை இவை.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-இல் இந்தியாவில் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர். அதில் ஆண்கள் 1,22,724, பத்துக்கு ஏழு பேர். மொத்தத்தில் நாலில் ஒரு பங்குக்கு மேல் தினக்கூலிகள். ஆம்பள, தாங்கிக்குவான் என்று நாம் விட்டுவிடுகிறவர்கள்தான் இவர்கள்.

எதைப் பார்க்க வேண்டும்

பாம்பனில் புயல் கூண்டு ஏற்றினால் படகை இழுத்துக் கட்டிவிடுகிறோம். ஆளுக்குக் கூண்டு கிடையாது, நாம்தான் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். மனச்சோர்வு ஆண்களிடம் அழுகையாக வெளியே வருவது குறைவு. கோபமாக வரும், குடியாக வரும், பெரும்பாலும் உடம்பு வலியாக வரும். “நெஞ்ச அடைக்குது”, “வாயு”, “தல கனமா இருக்கு”, “கை கால் ஓயுது”. இதற்காக மெடிக்கல் கடையில் வயிற்றெரிச்சல் மாத்திரையை மாதக்கணக்கில் வாங்கிப் போடுகிறவர்கள் நிறைய. நெஞ்சு வலி என்றால் முதலில் ஈசிஜி எடுத்துவிடுங்கள், எல்லாம் மனசுதான் என்று நாமே முடிவு செய்யக் கூடாது. ஈசிஜி, சர்க்கரை, ரத்தசோகை, தைராய்டு எல்லாம் சரியாக இருந்தும் வலி தொடர்ந்தால் அப்போது மனசைப் பார்க்க வேண்டும்.

தூக்கத்தை வைத்துக் கண்டுபிடி என்று எங்கும் எழுதியிருப்பார்கள். நடுராத்திரி எழுந்து கடலுக்குப் போகிறவருக்கு அந்த அளவுகோல் பொருந்தாது. படகு இறங்காத நாளைப் பாருங்கள். அன்றைக்கும் மூன்று மணிக்கு விழிப்பு வந்து, திரும்பத் தூக்கம் பிடிக்காமல், அந்த நேரத்தில்தான் மனசு மிகக் கனமாக இருக்கிறது என்றால் அது அடையாளம். ஏலத்தில் ஒதுங்கி நிற்பது, திருவிழா வரியைக் கட்டிவிட்டுக் கோயில் பக்கமே வராமல் இருப்பது, போனை எடுக்காதது, காற்று ஓங்கி அடிக்கும்போது நான் போறேன் என்று அடம் பிடிப்பது இவையும் கணக்கில் வரும். திடீரென்று கணக்கு நோட்டை மகனிடம் கொடுப்பது, ஆசையாக வைத்திருந்த வலையையோ எஞ்சினையோ யாருக்காவது தூக்கிக் கொடுப்பது, நெடுநாள் குழப்பத்துக்குப் பிறகு ஒரே நாளில் அமைதியாகிவிடுவது, இம்மூன்றும் அவசரம். அன்றைக்கே கேட்க வேண்டும்.

மருத்துவர்கள் முதலில் கேட்கும் இரண்டு கேள்விகளை நாமும் கேட்கலாம். “போன ரெண்டு வாரத்துல எதுலயும் பிடிப்பில்லாம இருந்துச்சா?” “மனசு சோர்ந்து, இனி என்னத்தன்னு இருந்துச்சா?” இரண்டில் ஒன்றாவது அந்த இரண்டு வாரத்தில் பாதிக்கு மேற்பட்ட நாட்கள் இருந்தது என்றால் ஆளை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

எப்போது, எங்கே, யார்

குடித்திருக்கும்போது கேட்காதீர்கள். அப்போது கொட்டுவார், காலையில் நினைவிருக்காது. நினைவிருந்தால் வெட்கத்தில் இன்னும் இறுக்கமாகிவிடுவார். படகில் கேட்காதீர்கள். அஞ்சாறு பேர் காதுக்குள் சொன்னது மறுநாள் கரை முழுக்கத் தெரியும், தப்பித்து எழுந்து போகவும் அங்கே இடமில்லை. டீக்கடையும் அப்படித்தான்.

கை வேலையாக இருக்கும்போது, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். கிழிந்த வலையைத் தைக்கும்போது, படகுக்குப் பெயின்ட் அடிக்கும்போது, ராமநாதபுரம் போய்விட்டு பைக்கில் திரும்பும்போது. கண்ணோடு கண் பார்க்க வேண்டியதில்லை. இடையில் பேச்சு நின்றாலும் வேலை நடப்பதால் யாருக்கும் சங்கடமில்லை. எதிரெதிரே நாற்காலி போட்டு “உங்கிட்ட பேசணும்” என்றால் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள்.

அப்பா மகனிடம் கேட்பதும் மகன் அப்பாவிடம் கேட்பதும் நம் வீடுகளில் எளிதில்லை. தாய்மாமனையோ மச்சானையோ விடுங்கள். கேலி பேசும் உறவுக்குத்தான் கேட்கும் உரிமையும் இருக்கிறது. கீழக்கரைப் பக்கத்து முஸ்லிம் வீடுகள் என்றால் வாப்பா (அப்பா) கேட்பதைவிட, மூத்த காக்காவோ (அண்ணனோ) மச்சானோ கேட்டால் பதில் வரும். மனைவி தாராளமாகக் கேட்கலாம், ஆனால் பணத்தில் தொடங்கக் கூடாது. கடன்காரர் வந்துபோன அன்று சாயங்காலம் கேட்டால் என்ன கேட்டாலும் பணம் கேட்பதாகவே அவர் காதில் விழும்.

எப்படி

பார்த்ததைச் சொல்லுங்கள், நாள் கணக்கோடு. “மாப்ள, மூணு வாரமா பாக்குறேன், ஏலத்துக்கு வந்தா ஒதுங்கியே நிக்கிற. நேத்து சோறும் வச்சபடி இருந்துச்சாம். என்னடா?” உனக்கு மனச்சோர்வு, டென்ஷன் என்று பெயர் வைக்காதீர்கள். பெயர் வைத்தால் மறுக்கத் தோன்றும். மூன்று வாரம் ஒதுங்கி நின்றதை மறுக்க முடியாது.

பிறகு வாயை மூடிக்கொள்ளுங்கள். மனசுக்குள் இருபது எண்ணுங்கள். நம் ஆட்கள் தோற்பது இங்கேதான். மூன்று எண்ணுவதற்குள் நாமே ஒரு பதிலையும் ஆறுதலையும் சொல்லிப் பேச்சை மூடிவிடுகிறோம்.

அப்போதும் ஒண்ணுமில்ல என்றால் தோண்டாதீர்கள். “சரி. வெள்ளிக்கிழம வல தைக்க வாரேன்” என்று சொல்லி, சொன்ன நாளில் போய் நில்லுங்கள். முதல் தடவை வாய் திறப்பவர் அபூர்வம், மூன்றாவது தடவைக்குள் பலர் ஏதாவது சொல்வார்கள். சொன்ன நாளில் போகாவிட்டால் முதல் தடவையை விட மோசமான இடத்தில் நிற்பீர்கள்.

பேச ஆரம்பித்துவிட்டால் அவர் கடைசியாகச் சொன்னதைப் பிடித்துக் கேளுங்கள். “தூக்கமே வரல” என்றால் “எத்தன நாளா?” எத்தனை, எப்போது, எப்படி என்று கேட்கலாம். ஏன் என்று கேட்காதீர்கள், ஊர்க்கூட்டத்தில் விசாரிப்பது போல ஆகிவிடும்.

தவிர்க்க வேண்டியவை: “எல்லாருக்கும்தான் கஷ்டம்”, “நடுக்கடல்ல எத்தனையப் பாத்தவன், இதுக்குப் போயா”, “பொம்பள மாதிரி அழாத”. மிக மோசமானது “புள்ளைங்க மூஞ்சியப் பாரு.” நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறோம். ஆனால் தன்னால் பிள்ளைகளுக்குப் பாரம் என்று ஏற்கெனவே நினைத்துக்கொண்டிருப்பவருக்கு அது இன்னொரு கல்லைக் கட்டுவது. கேட்டதை வெளியே சொல்லாதீர்கள். சொல்லித்தான் ஆக வேண்டுமென்றால் யாரிடம் சொல்லப் போகிறீர்கள் என்று அவரிடமே சொல்லிவிடுங்கள்.

கடினமான கேள்வி

இனி என்னத்த வாழ்ந்து, நான் இல்லாட்டி எல்லாருக்கும் நிம்மதி என்பது போல ஏதாவது வந்தால் நேரடியாகக் கேளுங்கள். “சாகணும்னு தோணுதா?” இதே சொல்லில். “தப்பான முடிவு எதுவும் எடுக்க மாட்டியே?” என்று கேட்பதுதான் வழக்கம். அது இல்லை என்ற பதிலை நாமே அவர் வாயில் வைப்பது. தப்பு என்ற சொல் வந்ததுமே ஆள் மறைத்துவிடுவார். கேட்டால் இல்லாத எண்ணத்தை ஊட்டிவிடுவோமோ என்று பயப்பட வேண்டாம். கேட்பதால் எண்ணம் வளர்வதில்லை, பாரம் இறங்குகிறது. ஆய்வுகளில் இது தெளிவாகிவிட்ட விஷயம்.

ஆமாம் என்றால் அடுத்த கேள்விகள்: எப்படி என்று யோசித்திருக்கிறாரா, எப்போது என்று நினைத்திருக்கிறாரா, அதற்கான பொருள் கையில் இருக்கிறதா, முன்பு முயன்றிருக்கிறாரா. திட்டமும் பொருளும் இருந்தால் அன்று இரவே வேலை இருக்கிறது. தனியாக விடாதீர்கள். கடலுக்கு அனுப்பாதீர்கள், நாலு பேர் கூட இருந்தாலும் படகு பாதுகாப்பான இடமில்லை. ஓனரிடம் உடம்புக்கு முடியல என்றால் போதும், பொய்யும் இல்லை. வீட்டிலிருக்கும் பூச்சிமருந்து, எலிமருந்து, சேர்ந்து கிடக்கும் மாத்திரைகள், மது எல்லாவற்றையும் அவர் கைக்கு எட்டாமல் வேறு வீட்டுக்கு மாற்றுங்கள். இப்படிப்பட்ட எண்ணம் உச்சத்தில் நிற்பது பலருக்குச் சில மணி நேரமே. அந்த நேரத்தில் பொருள் கையில் இல்லாததே உயிரைக் காப்பாற்றுகிறது.

14416-க்குப் போன் செய்யுங்கள். மத்திய அரசின் டெலிமானஸ் என்ற மனநல உதவி எண், 2022 அக்டோபரில் தொடங்கியது, நாள் முழுக்க இலவசம், தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் இதன் பெயர் ‘நட்புடன் உங்களோடு’. அவர் பேசாவிட்டால் நீங்கள் பேசி என்ன செய்வதென்று கேட்கலாம். 104-இலும் கேட்கலாம். ஆபத்து என்றால் 108. இராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை சுமார் 55 கிலோமீட்டர். அதனால் வண்டியைக் கூப்பிட்டுவிட்டு மற்றதைப் பேசுங்கள்.

ஏற்கெனவே எதையாவது விழுங்கியிருந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர் எதுவும் வேண்டாம். டப்பாவையோ கவரையோ கையோடு எடுத்துப் போங்கள். எலி பேஸ்ட் விஷயத்தில் ஒரு ஏமாற்று உண்டு: முதல் ஒன்றிரண்டு நாள் ஆள் நன்றாக இருப்பது போலவே தெரியும், கல்லீரல் அதற்குப் பிறகு கெடும். நல்லாத்தானே இருக்கார் என்று வீட்டில் வைத்திருந்து இழந்தவர்கள் உண்டு. போலீஸ் கேஸ் ஆகுமே என்று பயந்து தாமதிக்கவும் வேண்டாம். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆவது பிரிவுப்படி, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றுதான் கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது.

குடி

இது தனிக் கணக்கு. ஒரு குவாட்டர் 180 மில்லி. அதில் சுத்த ஆல்கஹால் சுமார் 60 கிராம் இருக்கிறது. உடம்பு வலிக்கு ஒரு குவாட்டர் என்று தினமும் போனால் உடம்பு அதற்குப் பழகிவிடும். தூக்கம் வருவது போலத் தெரியும், பாதி ராத்திரியில் அதுவே எழுப்பிவிடும். சோர்வு கூடும், சோர்வுக்காக மறுபடி குடி.

நீண்ட நாள் தினமும் குடித்தவரைத் திடீரென்று நிறுத்தச் சொல்லாதீர்கள். கடைசிக் குடியிலிருந்து ஆறேழு மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை வரும். 12 மணியிலிருந்து 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் சிலருக்கு ஆள் அடையாளம் தெரியாது, பூச்சி ஊர்வது போலவும் யாரோ கூப்பிடுவது போலவும் தோன்றும். இது பேய் பிடித்ததில்லை, உயிருக்கே ஆபத்தான நிலை. சபரிமலைக்கு மாலை போட்டதும், தவக்காலம் தொடங்கியதும், பெண்டாட்டி தலையில் சத்தியம் செய்ததும் நிறுத்துகிறவர்களுக்கு இது அடிக்கடி நடக்கிறது. சத்தியத்தில் குறையில்லை, மருத்துவரைப் பார்க்காமல் நிறுத்தியதில்தான் குறை. நிறுத்திய மறுநாளே கடலுக்குப் போனால் வலிப்பு வருவது படகின் விளிம்பில்.

சரியான வழி: ஐந்து முதல் ஏழு நாள் மருத்துவமனையிலோ மருத்துவர் மேற்பார்வையிலோ மாத்திரையோடு இறக்குவது. தயமின் என்ற பி1 வைட்டமினும் உண்டு. தெருமுனையில் ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏற்றிவிட்டால் சரியாகும் என்று போகாதீர்கள். தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம்.

குடிப்பவருக்குத் தெரியாமல் குழம்பில் கலக்கும் மருந்து என்று விற்பதை வாங்காதீர்கள். அதில் டைசல்ஃபிராம் (குடியை விட மருத்துவர் கொடுக்கும் மாத்திரை) இருந்தால், தெரியாமல் அவர் குடிக்கும்போது ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். அந்த மாத்திரை நல்ல மாத்திரைதான், தெரிந்து, சம்மதித்துச் சாப்பிடுபவருக்கு மட்டும்.

இலங்கைச் சிறையிலிருந்து வந்தவர்

மாலை போட்டு, போட்டோ எடுத்து, வீட்டில் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அதன் பிறகுதான் தொடங்கும். ராத்திரி எஞ்சின் சத்தம் கேட்டால் தூக்கிப்போடும், கனவு வரும், சர்ச்லைட் போன்ற வெளிச்சம் பட்டால் உடம்பு நடுங்கும், வடகடல் (பாக் விரிகுடா) பக்கமே போக மாட்டேன் என்பார். முதல் மாதம் இது பலருக்கும் இருக்கும், தானாகவும் குறையும். அந்த மாதத்தில் வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரும் “என்ன பண்ணுனாங்க, அடிச்சாங்களா?” என்று கேட்டு அதையே திரும்பத் திரும்பச் சொல்ல வைக்காதீர்கள். அவராகச் சொன்னால் கேளுங்கள். சாப்பாடு, தூக்க நேரம், சும்மா கரையில் ஒரு வேலை, இவை போதும். நாலு வாரம் தாண்டியும் குறையவில்லை என்றால் சிகிச்சை வேண்டும். படகு பிடிபட்டு நாட்டுடைமையாகிவிட்டவருக்குப் பயத்தோடு கடனும் சேர்ந்துகொள்வதால், அவரை இரண்டு மடங்கு கவனமாகப் பார்க்க வேண்டும்.

கடனைப் பற்றிச் சுருக்கமாக: தலைக்குள் இருக்கும்வரை கடன் முழுத் தொகையைவிடப் பெரிதாகத் தெரியும். ஒரு தாளில் யாரிடம், எவ்வளவு, என்ன வட்டி என்று அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள். கந்து வட்டி, மீட்டர் வட்டி என்றால் 2003-ஆம் ஆண்டு தமிழ்நாடு அதீத வட்டி வசூல் தடைச் சட்டம் இருக்கிறது. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் மனு கொடுக்கலாம், இலவசச் சட்ட உதவிக்கு 15100.

மருத்துவரிடம்

மென்டல் டாக்டரா, ஏர்வாடி கேஸா என்ற கேலிக்குப் பயந்தே பலர் வருவதில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் கட்டிவைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் இறந்தார்கள். அந்த ஊர்ப் பெயரை வசைச் சொல்லாக்கியவர்கள் கொஞ்சம் வெட்கப்படலாம். இன்று சங்கிலியால் கட்டுவது சட்டப்படி குற்றம். அதே ஏர்வாடி தர்காவில் தவா–துஆ (மருந்து–வேண்டுதல்) என்ற பெயரில் துஆவோடு அரசு மனநல மருத்துவமும் கிடைக்கிறது. வேண்டுதல் வைத்தவர்கள் வைக்கட்டும். தேவாலயமோ தர்காவோ கோயிலோ, மருந்தை நிறுத்து என்று சொல்லாத இடமாக இருந்தால் போதும்.

அரசு மருத்துவமனைக்குக் காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு எடுங்கள். கூட ஒருவர் போக வேண்டும், ஆனால் மருத்துவர் அறையில் பாதி நேரம் அவரைத் தனியாக விட்டு வெளியே வாருங்கள். ஒரு சிறு தாளில் எழுதிக்கொண்டு போனால் நேரம் மிச்சம்: எப்போதிருந்து, தூக்கம் எத்தனை மணி, எடை குறைந்ததா, தினமும் எவ்வளவு குடி, இப்போது சாப்பிடும் மாத்திரைகள், குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா, கடலுக்குப் போகும் நாட்கள். கடைசியாகச் சொன்னதை மறக்காமல் சொல்லுங்கள். ராத்திரி மாத்திரையா காலை மாத்திரையா என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

மனச்சோர்வுக்குக் கொடுக்கும் எஸ்சிட்டலோப்ராம், செர்ட்ராலின், ஃப்ளூஆக்செட்டின் போன்ற மாத்திரைகள் போதை தருபவை அல்ல. வேலை செய்ய இரண்டு முதல் நாலு வாரம், சிலருக்கு ஆறு வாரம் ஆகும். பக்க விளைவுதான் முதலில் வரும்: முதல் வாரம் குமட்டல், தலைவலி, படபடப்பு. அலையில் ஆடும் படகில் இந்தக் குமட்டல் இரட்டிப்பாகும். மாத்திரை ஒத்துக்கல என்று பத்தாம் நாள் நிறுத்துகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் நிறுத்துகிறார்கள். இன்னொரு காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சிலருக்குத் தாம்பத்திய ஆசையும் வேகமும் குறையும். மருத்துவரிடம் சொன்னால் அளவையோ மாத்திரையையோ மாற்றித் தருவார், சொல்லாமல் நிறுத்தினால் பழைய இடத்துக்கே வரும். சரியான பிறகும் ஆறு முதல் ஒன்பது மாதம் தொடர வேண்டும், நிறுத்தும்போது படிப்படியாக.

அல்பிரசோலம், குளோனசெபாம் போன்ற தூக்க மாத்திரைகள் வேறு ரகம். பழக்கமாகும், குடியோடு சேர்ந்தால் மூச்சையே நிறுத்தக்கூடும். பக்கத்து வீட்டுக்காரர் சீட்டைக் காட்டி வாங்காதீர்கள். போட்ட இரவு ஸ்டியரிங் பிடிக்கக் கூடாது. லித்தியம் (மனநிலை ஏற்ற இறக்கத்துக்கான மாத்திரை) சாப்பிடுகிறவர் படகில் தண்ணீரைக் குறைக்கவே கூடாது. வெயிலில் வியர்த்து, வாந்தியும் சேர்ந்தால் ரத்தத்தில் மருந்து ஏறிவிடும். கை நடுக்கம், நடை தள்ளாட்டம் தெரிந்தால் கரைக்குத் திரும்பி நேராக மருத்துவமனை.

சவூதி, துபாயில் வேலையில் இருப்பவரிடம் மனசைப் பற்றி வீடியோ காலில் கேட்காதீர்கள், அறையில் நாலு பேர் இருப்பார்கள். வாய்ஸ் மெசேஜ் அனுப்பி, அவர் தனியாக இருக்கும்போது பதில் சொல்லட்டும் என்று விடுங்கள்.

வர மாட்டேன் என்றே நிற்கிறவரை முதலில் தூக்கத்துக்காக, நெஞ்சடைப்புக்காக என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போகலாம். அங்கிருந்து மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரிடம் அனுப்புவார்கள். விசைப்படகுத் தொழிலாளிக்குச் சிகிச்சை தொடங்க மிக வசதியான காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். குமட்டல் வாரம் கரையிலேயே கழியும், மாத்திரை பிடிக்கும் ஆறு வாரமும் உள்ளே அடங்கும். உயிருக்கு ஆபத்து இருக்கும் ஆளுக்கு மட்டும் இந்தக் கணக்கு கிடையாது, அன்றைக்கே போக வேண்டும். தடைக்காலத்தில் தொடங்கியவர் ஜூன் முதல் வாரத்திலேயே அடுத்த மாத மாத்திரையை வாங்கி, இரண்டு பங்காகப் பிரித்து, ஒன்றைத் தண்ணீர் புகாத டப்பாவில் போட்டுப் படகிலும் மற்றதை வீட்டிலும் வைத்துக்கொள்ளட்டும். சாகும் எண்ணம் இருந்தவர் என்றால் மொத்த மாத்திரையும் வீட்டார் கையில், வாரத்துக்கு வாரம் அளந்து. அடுத்த ஓ.பி. தேதி, கடலுக்குப் போக அனுமதி டோக்கன் கிடைக்கும் நாளில் விழாதபடி மருத்துவரிடம் அப்போதே கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.